குளியல் தொட்டியில் ஒரு கருப்பு வாத்து

என் முதல் தக்கை வாத்தைக் குளியல் தொட்டியில் இறக்கியபோது அது மிதந்தது, அதில் ஒன்றும் குறையில்லை, ஆனால் இடது தோளைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு, பந்தி முடிந்தபின் திண்ணைத் தூணில் சாய்ந்து தூங்கும் தாத்தாவைப்போல ஒருக்களித்து மிதந்தது. சரி, இன்னொரு பரீட்சை பாக்கி இருக்கிறதே என்று அதைத் தலைகீழாகத் தண்ணீரில் போட்டேன். நல்ல வாத்து என்றால் தானாகப் புரண்டு நிமிர வேண்டும். என்னுடையது வயிற்றைக் காட்டியபடி நிம்மதியாகக் கிடந்தது. மூன்று வார உழைப்பு. கதவுக்கு வெளியே என் கணவர், "நான் இன்னைக்குக் குளிக்கணுமா வேண்டாமா?" என்று இரண்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மரவேலை தெரியாத, துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத ஒரு நர்ஸ், வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்தைச் செதுக்கும் இந்த வேலையில் எப்படி மாட்டினாள், என்னென்னவெல்லாம் கெடுத்தாள் என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. கெடுத்ததுதான் அதிகம்.

நாங்கள் இருப்பது நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டின் தென்கரையில். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கிரேட் சவுத் பே. கடலுக்கும் ஊருக்கும் நடுவே ஃபயர் ஐலண்டு என்ற ஒல்லியான மணல் தீவு மறித்துக்கொண்டு நிற்பதால் உள்ளே அலையடங்கிய, ஆழமில்லாத உப்பங்கழி. நவம்பர் பிறந்தால் வடக்கிலிருந்து வாத்தும் பிராண்ட் எனும் சிறு கடல்வாத்தும் வந்து இறங்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்தத் தண்ணீரிலேயே பிழைத்தவர், மட்டி எடுப்பவர். 1970களில் அமெரிக்காவில் பிடித்த கெட்டி ஓட்டு மட்டியில் பாதிக்குமேல் இந்த ஒரு கழியிலிருந்துதான் போனதாம். அதெல்லாம் முடிந்துபோன கதை. எனக்கு இரவு டியூட்டி. காலை எட்டு மணிக்கு நான் வீடு திரும்பும்போது அவர் மார்பளவு ரப்பர் கால்சட்டையோடு, சேறும் உறைபனியுமாக, தன் கொட்டகை முன் ஈரமான வாத்துகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பார். முதல் வருஷம் அவை எல்லாமே செத்த வாத்துகள் என்றே நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். இரண்டாம் வருஷம்தான் நின்று பார்த்தேன். முக்கால்வாசி பொம்மை.

இங்கே இதை டிகாய் என்கிறார்கள். தண்ணீரில் மிதக்கவிட்டால் மேலே பறக்கிற வாத்து, நம் ஆட்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நம்பி இறங்கும், மறைவில் இருப்பவர் சுடுவார். விஷயம் அவ்வளவுதான்.

அப்பாவிடம் வாட்ஸ்அப்பில் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். "ஏண்டி, வேடந்தாங்கல் பக்கத்துல பொறந்தவ பண்ற வேலையா இது?" என்றார். நியாயமான கேள்வி. வேடர்கள் தங்கிய ஊர் என்று பேரே இருந்தாலும், 1798ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய், எங்கள் ஏரிப் பறவையை உங்கள் சிப்பாய்கள் சுடக்கூடாது என்று எழுதி வாங்கிய ஊர்க்காரர்கள் அவர்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம், அந்தக் கணக்கும் இருந்தது, வெறும் ஜீவகாருண்யம் மட்டும் இல்லை. ஆனால் திட்டி முடித்த கையோடு அப்பா ஒரு வார்த்தையையும் கொடுத்தார். பழந்தமிழில் மற்ற விலங்கையும் பறவையையும் இழுக்கப் பழக்கிக் கட்டிவைப்பதன் பெயர் 'பார்வை'. கட்டிவைக்கிறவன் 'பார்வை வேட்டுவன்'. சங்கப் பாட்டு ஒன்றில், வாடைக் காலத்தில் சிறகை ஒடுக்கிக்கொண்டு வாடிக்கிடக்கும் தன் வெண்குருகைப் பார்த்து இரங்கி அதைக் கட்டிய முளையைப் பிடுங்கிவிடும் பார்வை வேட்டுவன் ஒருவன் வருகிறானாம். பழக்கின கவுதாரியைக் கூண்டில் வைத்துக் காட்டுக் கவுதாரியைப் பிடித்ததெல்லாம் அப்பா சின்ன வயதில் பார்த்தது. இப்போது அது சட்டப்படி குற்றம்.

இதைப் பெரியவரிடம் அரைகுறையாக மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் சிரித்தார். அவருடைய தாத்தாவும் பார்வை வேட்டுவன்தான்! வளர்ப்பு வாத்தின் காலில் தோல்வார் போட்டு, சதுப்பில் முளையடித்துக் கட்டிவிடுவாராம், அது கத்திக் கத்தி மேலே போகிறதை இறக்கிவிடும். 1935ல் அமெரிக்க அரசு உயிருள்ள பார்வைகளைத் தடை செய்தது. தானியம் தூவி இழுப்பதையும் அதே சமயத்தில்தான் நிறுத்தினார்கள். அதற்குப்பின் கட்டையும் தக்கையும் மட்டும்தான் வழி.

பொம்மை வாத்தும் புதிது இல்லை. நெவாடா பாலைவனத்தில் லவ்லாக் குகை என்ற இடத்தில் 1924ல் தோண்டியபோது கோரையால் பின்னி, சாயம் பூசி, இறகு வைத்துக் கட்டிய 11 பொம்மை வாத்துகள் கிடைத்தன, வயது சுமார் 2,000 வருஷம். இங்குள்ள பூர்வகுடிகளின் வேலை. வெள்ளைக்காரர்கள் வந்து அதைக் கட்டையில் செய்தார்கள்.

செய்தார்கள் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தபின் லாங் ஐலண்டில் சுட்ட பறவை பீப்பாயில் அடைபட்டு அன்றே நியூயார்க் சந்தைக்குப் போய்விடும். ஒரு ஆள் நூறு இருநூறு பொம்மைகளைப் பரப்பிவிட்டு விடிய விடியச் சுடுவான். லாப்ரடார் வாத்து என்று ஒரு இனம் இருந்தது. கடைசியாக உறுதியாகத் தெரிந்த பறவை 1875ல் இதே லாங் ஐலண்டில் சுடப்பட்டது. அப்புறம் அந்த இனமே இல்லை. அது அழிந்ததற்குச் சுட்டது மட்டும் காரணமா என்பதில் சண்டை உண்டு, ஆனால் கடைசிப் பறவை எங்கே விழுந்தது என்பதில் சண்டை இல்லை. 1918ல் வலசைப் பறவைச் சட்டம் வந்து காட்டு வாத்து விற்பதே குற்றம் என்றானபின்தான் இந்தச் சந்தை வேட்டை அடங்கியது. இந்தக் கதையை மறைத்துவிட்டு 'பாரம்பரியம்' என்று மட்டும் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பெரியவருக்கும்தான்.

சரி, தக்கைக்கு வருகிறேன்.

பெரியவர் முதல் நாள் என் கையில் ஒரு கருப்புப் பலகைத் துண்டைக் கொடுத்தார். கரியடுப்பு வாசனை, எடை என்று ஒன்றே இல்லை. போர்ச்சுகலில் வளரும் தக்கை ஓக் மரத்தின் பட்டை இது. மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். முதல் உரிப்புக்கு மரம் ஏறக்குறைய 25 வருஷம் வளர்ந்திருக்க வேண்டும், அப்புறம் 9 வருஷத்துக்கு ஒரு தடவை. பாட்டில் மூடிக்கு உதவாத பட்டையைக் குருணையாக்கி, சூடான நீராவியில் அழுத்தினால் அதிலுள்ள பிசினே உருகி ஒட்டிக்கொண்டு கருகின நிறத்தில் கட்டியாகிறது, பசை எதுவும் சேர்ப்பதில்லை. ஒரு காலத்தில் ஐஸ் கிடங்குச் சுவர்களில் குளிர் வெளியேறாமல் இருக்க இதைத்தான் பதித்தார்கள். கிடங்கை இடித்தால் வேட்டைக்காரர்கள் லாரியோடு போய் நிற்பார்களாம். தூண்டில் தக்கை, மாட்டுப் பொங்கலுக்குக் கட்டும் நெட்டி மாலை, இவ்வளவுதான் அதுவரை எனக்குத் தெரிந்த தக்கை. கையில் பிடித்த உடனே, இது நம்ம வீட்டுச் சாமான் என்ற ஒரு உணர்வு.

ஏன் தக்கை? கட்டையை விட லேசு, படகில் முப்பதைத் தூக்கிப் போடலாம். துப்பாக்கி ரவை பட்டாலும் பிளக்காது. இதையெல்லாம் விட முக்கியம், இங்கே எல்லோரும் ஏமாற்ற நினைக்கிற பறவை கருப்பு வாத்து. நாட்டு வாத்துக்கு நெருங்கிய சொந்தம், உடம்பு முழுக்கக் கரும்பழுப்பு, தலையும் கழுத்தும் மட்டும் வெளிறின நிறம், சிறகில் ஊதாப் பட்டை. சந்தேகப் பிராணி. மற்ற வாத்து ஒரு வட்டம் அடித்து இறங்கும் இடத்தில் இது நாலு வட்டம் அடித்துவிட்டுப் போய்விடும். கருக்கின தக்கைக்கு நிறமே அந்த வாத்தின் நிறம், சொரசொரப்பில் வெளிச்சம் தங்காது. பெயின்ட் உரிந்தாலும் கீழே தெரிவதும் வாத்து நிறம்தான்.

செய்யும் முறை கேட்க எளிது. இரண்டு அங்குலத் தடிமனுள்ள இரண்டு தக்கைத் துண்டு, அடியில் அரை அங்குல பைன் பலகை, மூன்றையும் ஒட்டி, மேலிருந்து பார்த்த வடிவத்தையும் பக்கவாட்டு வடிவத்தையும் வரைந்து பேண்ட்ஸா எனும் மின்சாரப் பட்டை ரம்பத்தில் அறுத்து, கத்தியாலும் மர அரத்தாலும் உருட்ட வேண்டும். தலை தனியாக, மரத்தில். வால் தனியாக.

ஒட்டும் இடத்திலேயே முதல் தப்பு. வீட்டில் இருந்த வெள்ளைப் பசையைப் போட்டேன், பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கு வாங்கியது. ராத்திரி தண்ணீரில் ஊறவிட்டுக் காலையில் பார்த்தால் இட்லித் தட்டு மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. தண்ணீரில் நிற்கும் எபாக்ஸி, அல்லது நுரைத்து இறுகும் பாலியுரேத்தேன் பசை, இந்த இரண்டைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். இறுகும்வரை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், ஆனால் தக்கையின்மேல் நேராக இறுக்கினால் பள்ளம் விழும், நடுவில் ஒரு பலகைத் துண்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

தூசியைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். அரம் போடத் தொடங்கினால் கருப்புத் தூள் பறக்கும், மூக்குச் சிந்தினால் கரி. மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள். கொட்டகையிலோ கராஜிலோ கதவைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். நான் வீட்டுக் கீழ்த்தளத்தில் செய்தேன், ஹீட்டர் அந்தத் தூளை இழுத்து மாடி அறை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் விளைவை என் கணவர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

வால் விஷயம். தக்கையிலேயே மெல்லியதாக அழகாக ஒரு வால் செதுக்கினேன், பார்க்க நன்றாகவே இருந்தது, திருப்பிப் பிடித்தேன், பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. மெல்லியதாக வர வேண்டிய எதையும் தக்கையில் செய்யக்கூடாது. பின்பக்கம் ஒரு வெட்டு போட்டு, கால் அங்குல பிளைவுட்டை வால் வடிவத்தில் அறுத்து உள்ளே செருகி ஒட்டினால் இருபது வருஷம் நிற்கும். பெரியவரின் பழைய வாத்துகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். நான் முதலிலேயே கவனித்துப் பார்த்திருக்கலாம்.

தலையிலும் அதே கதை. மரத்தின் ரேகை அலகு நீளும் திசையிலேயே ஓட வேண்டும். நான் கட்டைக்கு மிச்சம் பிடிக்க நினைத்துக் குறுக்கே வைத்து அறுத்தேன். மூன்று மணி நேரம் கன்னமெல்லாம் செதுக்கி, கண் குழி தோண்டி, கடைசியில் அலகுக்கு உப்புத்தாள் தேய்க்கும்போது அலகு கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யாரோடும் பேசவில்லை. தலையை உடம்போடு சேர்க்கப் பசை மட்டும் போதாது, படகில் எல்லோரும் வாத்தைத் தலையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். கழுத்திலிருந்து தக்கையைத் துளைத்து அடிப்பலகை வரை ஒரு மரக்குச்சியை இறக்கி ஒட்ட வேண்டும்.

இவ்வளவுக்கும் பின்னால்தான் குளியல் தொட்டி.

சாய்ந்ததற்குக் காரணம் கேட்கப் போனேன். பெரியவர் வாத்தைக் கையில் வாங்கிச் சும்மா ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, தலையை ஏன் இடப்பக்கம் திருப்பிவைத்தாய் என்று கேட்டார். அழகுக்கு என்றேன். உடம்பு தக்கை, எடையே இல்லை, தலை மரம். அந்தத் தலை நடுக்கோட்டை விட்டு விலகினால் உடம்பு அந்தப் பக்கம்தானே போகும்? தலைகீழாகக் கிடந்து நிமிராததற்குக் காரணம் வேறு. அதிகம் வெட்டிவிடுவோமோ என்ற பயத்தில் முதுகைத் தட்டையாகவே விட்டிருந்தேன். முதுகு தட்டையாக இருந்தால் அது அந்தப் பக்கமும் ஒரு படகுதான், சுகமாக மிதக்கும். முதுகை உருட்டினால் தலைகீழாக நிற்க முடியாது, அடியிலுள்ள ஈயம் இழுத்துப் புரட்டிவிடும்.

அரத்தை எடுத்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, முதுகின் இரண்டு பக்கமும் அரை அங்குலம் எடுத்தேன். அடியில் ஒன்றே கால் அங்குல உயரத்துக்கு ஒரு நீள அடிக்கட்டை வைத்து, ஈயத்துண்டை உடனே ஆணியடிக்காமல் ரப்பர் பேண்டால் கட்டி, தொட்டியில் விட்டுப் பார்த்து, ஒரு விரல் வலப்பக்கம் நகர்த்தி, மறுபடி விட்டு, மறுபடி நகர்த்தி, சரியான இடம் தெரிந்தபின் பென்சிலால் குறித்து, அப்புறம்தான் ஸ்க்ரூ. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, இது உப்புத் தண்ணீர். மொத்தம் 6 அவுன்ஸ் போனது. இந்தத் தடவை தலைகீழாகப் போட்டதும் ஒரு கணம் யோசித்துவிட்டு, டபக்கென்று புரண்டு, தண்ணீரை உதறுவதுபோல ஆடி நின்றது. கத்திவிட்டேன். வீட்டில் எல்லோரும் ஓடிவந்தார்கள், நான் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து.

பெயின்ட் பற்றி. எனக்குப் படம் வரையக் கொஞ்சம் வரும், அந்தத் திமிரில் ஒவ்வொரு இறகாக விளிம்பு போட்டு நாலு ராத்திரி வரைந்தேன். பெரியவர் வாத்தைத் தன் வேலியில் வைத்துவிட்டு, என்னைத் தெருவைத் தாண்டிக் கூட்டிப்போய், அங்கிருந்து பார்க்கச் சொன்னார். இறகு ஒன்றுமே தெரியவில்லை. தெரிந்தது மூன்றுதான்: உடம்பின் இருட்டு, தலையின் வெளிறல், கழுத்து எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. மேலே வருகிற வாத்துக்கும் அவ்வளவுதான் வேண்டும். கழுத்தைப் பற்றி ஒரு பாடமே எடுத்தார். நிம்மதியாக இருக்கும் வாத்து கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, நெஞ்சில் தாடை தொடுவதுபோல் உட்கார்ந்திருக்கும். கழுத்தை நீட்டி நிற்கிற வாத்து பயந்த வாத்து, அடுத்த நொடி எழும்பப்போகிறது. நான் அன்னம் மாதிரி இருக்கட்டும் என்று நீட்டிவைத்திருந்தேன். கூட்டத்தில் எல்லாம் கழுத்தை நீட்டினால், மேலே வருவது, இங்கே ஏதோ சரியில்லை என்று போய்விடும். அதற்குப்பிறகு ஒரு மாதம் டியூட்டி முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல், காரைக் கழியோரம் நிறுத்திக் கால்மணி நேரம் உயிருள்ள வாத்தைப் பார்த்தேன். இந்த வேலையில் நான் கற்றதில் பாதி கார் கண்ணாடிக்குப் பின்னால் கற்றது.

இன்னொரு உலகமும் இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. இறகுக்கு இறகு உயிர் வர வரைந்து, தண்ணீரையே தொடாமல் அலமாரியில் உட்காரும் வாத்து. மாசசூசெட்ஸ்காரர் எல்மர் க்ரோவெல் செய்த இரண்டு பார்வைகள் 2007ல் ஒவ்வொன்றும் 11 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு விலைபோயின. அவர் முதலில் வேட்டைக்குத்தான் செய்தார். மேரிலாந்தின் க்ரிஸ்ஃபீல்டில் வார்டு சகோதரர்கள் இருவர் முடிதிருத்தும் கடை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் செதுக்கினார்கள். இன்று அவர்கள் பேரில் உலகப் போட்டியே நடக்கிறது. எனக்கு அந்தத் திறமையின்மேல் மரியாதை உண்டு, ஆசை இல்லை. சேறு படாத வாத்து எனக்கு ஏனோ கல்யாணமாகாத புடவைக்கடை பொம்மையைப்போலத் தெரிகிறது.

டிசம்பரில் ஒரு லீவு நாள், நாலரை மணிக்கு அவருடைய படகில் ஏறினேன். சுடப்போவதில்லை, பார்க்கத்தான் வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன், அவரும் ஏன் என்று கேட்கவில்லை. நாற்பது நிமிடம், சதுப்புத் திட்டின் ஓரம், காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி படகைப் புல்லுக்குள் செருகினார். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அதனால் நம் முகத்துக்கு நேராக வரும். பன்னிரண்டு பார்வைகள். ஒழுங்கான வரிசையில் இல்லை, இரண்டு கைகளை விரித்ததுபோல இரு பக்கமும் கொத்தாக, நடுவில் வேண்டுமென்றே வெற்றுத் தண்ணீர். அதுதான் இறங்கும் இடம். ஒவ்வொரு வாத்தையும் நங்கூரத்தோடு கட்டும் கயிறு தண்ணீர் ஆழத்தைவிட நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடல் ஏற்றம் வந்து தண்ணீர் உயரும்போது நங்கூரம் கிளம்பிவிடும். என் வாத்தை ஒரு ஓரமாகப் போட்டார். மரியாதையா, சந்தேகமா தெரியவில்லை.

சூரியன் எழ அரைமணி நேரம் முன்பிருந்து சுடலாம் என்பது சட்டம். முதல் கூட்டம் வெளிச்சம் வந்தபிறகுதான் வந்தது, ஐந்து கருப்பு வாத்து, இறக்கையின் அடிப்பக்கம் வெள்ளையாக மின்னிக்கொண்டு. ஒரு வட்டம். இரண்டாவது வட்டத்தில் தாழ்ந்து, காலைக்கூட நீட்டிவிட்டன, திடீரென்று யாரோ கயிற்றால் இழுத்ததுபோல நேராக மேலே கிளம்பிப் போய்விட்டன. பெரியவர் ஒன்றும் பேசாமல் என் வாத்தைக் காட்டினார். வெயில் பட்டு அது கண்ணாடிக் குடம்போலப் பளபளத்துக்கொண்டிருந்தது. நான்கு ராத்திரி வேலை வீணாகக்கூடாதே என்று யாருக்கும் சொல்லாமல் மேலே ஒரு கை வார்னிஷ் பூசியிருந்தேன்.

அவர் தண்ணீரில் இறங்கி நடந்துபோய், அடியிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளி, என் இறகு, என் விளிம்பு, எல்லாவற்றின்மேலும் வழித்துப் பூசிவிட்டுத் திரும்பி வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கொஞ்சம்.

வார்னிஷ் வேண்டுமானால் தின்னர் கலந்து முதலிலேயே தக்கை உறிஞ்சவிடுங்கள், பெயின்டுக்கு அடியில். மேலே பளபளப்பில்லாத பெயின்ட் மட்டும். காய்ந்தபிறகும் மின்னினால் உப்புத்தாள். தக்கையின் குழிகளை மக்கு போட்டு அடைக்கவும் வேண்டாம், அந்தக் குழிகள்தான் வெளிச்சத்தை உடைப்பவை.

அடுத்து மூன்று வந்தன. அவர் ஒன்றைச் சுட்டார். அந்தச் சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரியது. படகை ஓட்டிப்போய் எடுத்து என் மடியில் வைத்தார், இன்னும் சூடு இருந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவைத் தொட்ட கை, அன்றைக்கு நடுங்கியது. ஆனால் நர்ஸ் புத்தி போகாது, ஐந்து நிமிடத்தில் சிறகை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நீலம் அடித்திருந்த பட்டை உண்மையில் ஊதா, நாட்டு வாத்தில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு இல்லை. கால் நான் நினைத்ததைவிடச் சிவப்பு. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார், எங்களுக்கும் கொடுத்தார். என் கணவர் மிளகு போட்டு வறுத்தார். நான் சாப்பிடவில்லை, யாரையும் தடுக்கவும் இல்லை.

திரும்பும் வழியில் பிராண்ட் கூட்டம் ஒன்று. 1930களின் தொடக்கத்தில் ஏதோ நோய் வந்து அட்லான்டிக் கரையின் கடற்புல் ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோக, அதையே தின்று வாழ்ந்த இந்தப் பறவைகள் பட்டினியில் குவியல் குவியலாகச் செத்தன. பிழைத்தவை கடல் பாசிக்கு மாறின, இப்போது பூங்காப் புல்வெளியில்கூட மேய்கின்றன. அவருடைய அப்பா செய்த பிராண்ட் பார்வைகள் இரண்டு கொட்டகைப் பரணில் இருக்கின்றன. சுடுவதைக் குறைத்தாலும் மேய இடமில்லாவிட்டால் பறவை இல்லை என்பது அவருக்குப் பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை.

அதனால்தான் வாத்து ஸ்டாம்ப். 1934ல் தொடங்கியது, முதல் ஸ்டாம்பை வரைந்தவர் டிங் டார்லிங் என்ற கார்ட்டூனிஸ்ட், அப்போது விலை 1 டாலர், இப்போது 25. வேட்டைக்குப் போகிறவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும், ஒரு டாலரில் 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. வேட்டைக்குப் போகாதவர்களும் வாங்கலாம். நானும் வருஷாவருஷம் வாங்குகிறேன். ரவையிலும் 1991லிருந்து ஈயம் கூடாது, சேற்றில் விழும் ஈய ரவையைக் கூழாங்கல் என்று விழுங்கி வாத்துகள் விஷத்தில் சாவதால். வேடிக்கை, ஈயம் இப்போது பொம்மை வாத்தின் வயிற்றில்தான் இருக்கிறது.

அந்தச் சேறு பூசின வாத்து அவரிடமே இருக்கிறது. போன சீசனில் அதை ஓரத்திலிருந்து நடுக்கொத்துக்கு மாற்றிவிட்டார், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப்பின் ஆறு செய்துவிட்டேன். ஒன்று தூங்கும் வாத்து, தலையை முதுகில் செருகிக்கொண்டு, உடைய அலகே வெளியில் இல்லை. தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

இப்போது மேஜைமேல் இருப்பது ஊசிவால் வாத்து. இது இங்கேயும் வரும், சைபீரியப் பக்கத்திலிருந்து வேடந்தாங்கலுக்கும் வரும், அதனால் அப்பாவுக்காக. அந்த நீள வாலுக்குப் பிளைவுட் போதவில்லை, இரண்டு தடவை ஒடிந்து, இப்போது ஓக் மரத்தில் செய்து செருகியிருக்கிறேன். பெரியவர் நேற்று வந்து பார்த்தார். அடியில் ஈயம் பொருத்திக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போய் ஷோகேஸில் உட்காரப்போகிற வாத்துக்கு எதற்கு ஈயம் என்று கேட்டார். அப்பா வீட்டுக் கிணற்றடியில் தொட்டி இருக்கிறது என்றேன்.